சுகர் தானாகக் குறைகிறதா? சந்தோஷப்படும் முன் ஒரு நிமிடம்

பெரியப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. காலையில் 30 யூனிட் இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர் படிப்படியாக 16-க்கு இறங்கியிருந்தார். புகழெல்லாம் பாகற்காய் ஜூஸுக்குப் போனது. ஒருநாள் விடியற்காலையில் சட்டை நனைய வியர்த்து, பேச்சுக் குழற உட்கார்ந்திருந்தார். குளுக்கோமீட்டரில் 48. நினைவு தப்பாததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம்.

வீட்டில் எல்லோரும் செய்த தவறு அதுதான்: மருந்தின் தேவை குறைந்தால் நோய் குறைகிறது என்று நினைத்தது. ஊசியில் போடும் இன்சுலினில் பெரும்பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் அதே அளவு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். கிளிபென்கிளமைடு போன்ற பழைய சர்க்கரை நோய் மாத்திரைகளும் அப்படித்தான். காரணமே தெரியாமல் சுகர் இறங்க ஆரம்பித்தால், முதலில் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

எதைச் சோதிப்பது என்பதிலும் கோட்டை விடுகிறோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.1 என்று வந்தால் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். சிறுநீரகம் பாதி வேலையை இழக்கும்வரைகூட அந்த எண் நல்லபிள்ளையாக இருக்கலாம். சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தை அளக்கும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். அது 30 mg/g-ஐத் தாண்டினால் மறுபடி பார்த்து உறுதிப்படுத்த வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது சோர்வு. "வயசாயிடுச்சு" என்று பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிடுவோம். ரத்த சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறைந்து ரத்தசோகை வந்தால் பேரீச்சம்பழம் மட்டும் என்ன செய்யும்? இதில் இன்னொரு வம்பும் உண்டு. சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவதால், மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உள்ளதைவிடக் குறைவாக வரலாம். எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுபவர்களுக்கும் அதே கதை. 6.2 என்று பார்த்து மகிழும் முன் ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

வைட்டமின் டி விஷயமும் இதே ரகம். அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் சிறுநீரகமே. அது நின்றால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும்.

அப்புறம், டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை. "எனக்குத்தான் பிரஷர் நார்மல் ஆச்சே" என்று நிறுத்திவிடுகிறார்கள். ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் பிடியைத் தளர்த்தி, சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளழுத்தத்தைக் குறைப்பது அதன் இன்னொரு வேலை. தொடங்கியதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறுவது பல நேரம் எதிர்பார்த்ததுதான். நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் இது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றக்கூடிய மருந்து. பெரியம்மா 'உடம்புக்கு நல்லது' என்று வாங்கி வைத்திருந்த சோடியம் குறைந்த உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தோம்: பொட்டாசியம் குளோரைடு.