கண்டிப் புறநகர்களின் மாலைப்பொழுதை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

அட்டன், மஸ்கெலியா, புசல்லாவைப் பக்கமிருந்து வேலைக்காகவோ படிப்புக்காகவோ கண்டிக்கு வரும் பிள்ளைகள், தங்குவதற்கு அறை தேடும்போது வாடகையையும் தண்ணீரையும் தவறாமல் விசாரிக்கிறார்கள். பொழுது சாய்ந்தபின் அந்த இடம் எப்படியிருக்கும் என்பதைக் குடிபுகுந்த பிறகுதான் அறிகிறார்கள். ஆறு நாள் உழைப்பவருக்கு ஒரு நல்ல மாலைப்பொழுது மிகவும் அவசியம் என்று நான் நம்புவதால், பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை ஆகிய மூன்றையும் ஒப்பிடும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு கொப்பியை எடுத்து, கடந்த மாதம் உங்களுக்கு ஓய்வு கிடைத்த மாலைகளில் உண்மையிலேயே என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். படம் பார்த்தீர்களா, கோயிலுக்குப் போனீர்களா, நண்பர்களோடு கொத்து ரொட்டி சாப்பிட்டீர்களா? செய்ய ஆசைப்படுவதை எழுதினால் கணக்குப் பிழைத்துவிடும்.

அடுத்து, நகரின் நடுவில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1807இல் வெட்டப்பட்ட வாவியைச் சுற்றிய நடைபாதை, மாலையில் நடக்கும் கண்டிய நடனக் காட்சிகள், தலதா மாளிகையின் மாலைப் பூசை, தலதா வீதியின் கடைத்தொகுதி, திரையரங்குகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்திலேயே அமைந்திருக்கின்றன. எனவே புறநகரில் என்ன இருக்கிறது என்பதோடு, அங்கிருந்து நடுநகருக்கு எவ்வளவு எளிதாக வந்துபோகலாம் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு புறநகருக்கும் சொந்தமானதைப் பாருங்கள். பேராதனையில் தாவரவியல் பூங்கா மாலையிலேயே மூடப்பட்டாலும், பல்கலைக்கழகத்தின் சரச்சந்திர திறந்தவெளி அரங்கில் நாடகம் நடக்கும் இரவுகளுக்கு ஈடு இல்லை. குண்டசாலைப் பக்கம் பல்லேகலை கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. பகலிரவு ஆட்டம் உள்ள நாளில் அந்த வீதியே வேறு வீதியாகிவிடும், மற்ற நாட்களில் அமைதிதான். கட்டுகஸ்தோட்டைக்குப் பெயர்பெற்ற அரங்கு எதுவும் இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்குச் சந்தியில் நின்றால், கொத்துக் கடையின் இரும்புத் தட்டில் தகடுகள் தாளம்போடும் ஓசையும், வேலை முடிந்து வீட்டுக்குப் பார்சல் வாங்கிப் போகும் கூட்டமும் உங்களுக்குத் துணையிருக்கும். புதிதாக வருபவருக்கு இதன் அருமை சில வாரங்களில் புரியும்.

நான்காவது படியில் அவசரப்படாதீர்கள். மகாவலி கண்டியை மூன்று பக்கமும் வளைத்து ஓடுவதால், பேராதனைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் குண்டசாலைக்குப் போகும் வழியிலுள்ள தென்னக்கும்புரைக்கும் அப்பால் போக வேண்டுமானால் பாலத்தைக் கடந்தாக வேண்டும். மாலை நெரிசலில் ஐந்தாறு கிலோமீற்றர் தூரமும் நீண்டுவிடும். ஒருமுறை இரவுக் காட்சி முடிந்து நான் தரிப்பிடத்துக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. படச் சீட்டைவிட முச்சக்கர வண்டிக்கு நான் கொடுத்த காசே அதிகம். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேலைநாளும் ஒரு சனிக்கிழமையும் நேரில் போய், கடைசி பஸ் எப்போது என்று நடத்துனரிடமே கேளுங்கள். தரிப்பிடத்திலிருந்து அறை வரை விளக்கு இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் பெண்கள் தனியாக நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். ஓர் இடத்தின் இரவைப் பற்றி இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது.

போகும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போயா எனும் பௌர்ணமி தினத்தில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும், பல வீதிகள் அடங்கிக் கிடக்கும். வெசாக் போயாவிலோ விளக்குக் கூடுகளும் இலவச உணவு வழங்கும் தன்சல்களுமாக ஊரே விழித்திருக்கும். எசல பெரஹரா இரவுகளில் நடுநகர வீதிகள் ஊர்வலத்துக்காக மூடப்படுவதால் பஸ் ஓட்டமே மாறிவிடும். இத்தகைய நாட்களில் கண்டதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கடைசியாக, கொப்பியில் எழுதிய ஒவ்வொரு பழக்கத்துக்கும் நேரே மூன்று ஊர்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, வீடு திரும்பும் வசதிக்கும் அதேபோல் புள்ளியிட்டு, அதை மட்டும் இரட்டிப்பாக்கிக் கூட்டுங்கள். இரண்டு ஊர்கள் சமமாக வந்தால், நீங்கள் நேரில் போன சனிக்கிழமை இரவில் எந்த ஊரிலிருந்து பதற்றமில்லாமல் திரும்பினீர்களோ, அங்கேயே அறைக்கு முற்பணம் கட்டுங்கள்.