வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

ஆஃபர் லெட்டர் வந்ததும் எல்லாரும் முதலில் தேடுவது சம்பளத் தொகையைத்தான். அதைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு, வேலையை விட்டுப் போவதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். எவ்வளவு சுலபமாக வெளியேற முடியுமோ, உள்ளே இருக்கும்போது உங்கள் பேச்சு அவ்வளவு எடுபடும்.

நோட்டீஸ் பீரியட் இரண்டு தரப்புக்கும் ஒன்றுதானா? "பணியாளர் 90 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும், நிறுவனம் 30 நாளில் நீக்கலாம்" என்று இருந்தால் அது சரியில்லை. 90 நாள் காத்திருக்கப் பல நிறுவனங்கள் தயாராக இருக்காது, வந்த வாய்ப்பு கைநழுவிப் போகும், இது தெரிந்த முதலாளிக்குச் சம்பளத்தை உயர்த்த அவசரமும் இருக்காது. இரண்டு தரப்புக்கும் ஒரே கணக்கு கேளுங்கள். அது முடியாதென்றால், மீதி நாளுக்குப் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்ற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை. எழுதியிருப்பதாலேயே அது செல்லும் என்று நினைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 1872 முதலே இது செல்லாது. அதே 1872-இல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படியும், வேலையை விட்ட பிறகு இப்படித் தடுப்பது பொதுவாகச் செல்லாது. வேறு பல நாடுகளில் காலமும் எல்லையும் நியாயமாக இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். ஆனால் செல்லாத நிபந்தனைக்கும் பயந்து நிறையப் பேர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறார்கள், அதனால் அந்தத் தொழில் முழுவதிலுமே சம்பளம் ஏறாமல் நின்றுவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடமோ தொழிற்சங்கத்திடமோ கேட்டுவிடுங்கள்.

உங்களைப் "பணியாளர்" என்கிறார்களா, "சுயாதீன ஒப்பந்ததாரர்" என்கிறார்களா என்பதையும் பாருங்கள். இரண்டாவது என்றால் விடுமுறை, குறைந்தபட்சக் கூலி போன்ற பாதுகாப்புகள் பெரும்பாலும் கிடைக்காது. அதுவும் காகிதத்தோடு முடிந்த கதையல்ல: பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் தொடுத்த வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், கட்டணத்தையும் நிபந்தனைகளையும் நிறுவனமே தீர்மானிப்பதைச் சுட்டிக்காட்டி, ஒப்பந்தம் என்ன சொன்னாலும் அவர்கள் தொழிலாளர்களே என்றது.

வேலை நேரம், ஓவர்டைம், புரொபேஷன் எல்லாம் சட்டம் வகுத்த வரம்பை மீறக்கூடாது, நீங்களே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி.

வாய்மொழியாகச் சொன்ன போனஸ், வீட்டிலிருந்து வேலை, ஆறு மாதத்தில் உயர்வு எல்லாவற்றையும் "நாம் பேசியபடி" என்று ஆரம்பித்து ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள். கையெழுத்தான பிரதியோடு அந்தப் பதிலையும் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள். வேலை போகும் அன்றே அலுவலகக் கணக்கை முடக்கிவிடுவார்கள்.