பிளக்-இன் ஹைப்ரிட் காரை வீட்டு சாக்கெட்டில் சார்ஜ் செய்ய

பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடும் இந்தக் காருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் போதும் என்பார்கள். பின்னால் ஓடும் வயரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மெயின் பாக்ஸிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு வயரைத் தனி லைனாக இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் அணையும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் சரியில்லாவிட்டால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2–3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனிடம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஏறியதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால், பெரும்பாலும் சாக்கெட் ஸ்க்ரூ லூஸ், விட்டால் உருகிவிடும். சார்ஜர் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட்தான் வரும், ஆகவே 13 யூனிட் பேட்டரி நிறைய ஆறேழு மணி நேரம்.

பெட்ரோல் தேவைப்படாமலே ஓடுகிறதா? டேங்கில் கிடந்து பழசாகும். மாதம் ஒருமுறை இன்ஜினையும் ஓட்டுங்கள்.