சர்வர் அடிக்கடி ஹேங் ஆகிறதா? ரேமைக் கழற்றிப் பாருங்கள்

கடலூர் முதுநகரில் எங்கள் கடை சர்வர் காரணமே தெரியாமல் ஹேங் ஆகிக்கொண்டிருந்தது. லாகில் (சர்வர் தன்னில் நடப்பதை எழுதிவைக்கும் பதிவேடு) ஒரு பிழையும் இல்லை, பாதியில் நின்றிருந்தது. லாக் இப்படிப் பாதியில் சட்டென்று நின்றிருந்தால் வன்பொருளையும் சந்தேகியுங்கள். மொத்தமாக உறையும்போது கடைசி வரிகள் டிஸ்கில் பதிவாகாமலே போய்விடும்.

மின்சாரத்தைத் துண்டித்து ரேமை (கணினியின் தற்காலிக நினைவகப் பட்டை) கழற்றுங்கள். தங்கநிற முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் அழுத்திச் செருகுங்கள். நம் கடலோர உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது; எங்கள் இரண்டாவது ஸ்லாட்டில் பச்சை பூத்திருந்தது.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம், ரேமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். ரேமில் கோளாறு இல்லையென்றால் சரி, அடுத்து பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள்.