ட்ரெயில் பைக்கின் உடைந்த சைலன்சர் பிராக்கெட்டைக் குறைந்த செலவில் மாற்றும் முறை

கரடுமுரடான பாதைகளிலும் ஓடும் ட்ரெயில் பைக்கின் சைலன்சரைச் சட்டகத்தோடு பிணைக்கும் பிராக்கெட் முறிந்துவிட்டால், கொழும்பில் பெரும்பாலானோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பக்கத்து வெல்டிங் கடைக்குப் போய் முறிந்த இடத்தை இருந்தபடியே ஒட்டிக்கொண்டு வருவார்கள். அல்லது பஞ்சிகாவத்தையில் பாவித்த சைலன்சர் ஒன்றைத் தேடி முழுதாக வாங்குவார்கள். முதலாவது வழி அன்றைக்கு மலிவாகத் தெரிந்தாலும், சில மாதங்களில் அதே இடத்திலோ அதற்குப் பக்கத்திலோ மறுபடி வெடிக்கும். இரண்டாவது வழியில், நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு, எவ்வளவு துருப்பிடித்தது என்று வெளியிலிருந்து தெரியாத இன்னொன்றுக்குப் பணம் கொடுக்கிறோம். பிராக்கெட்டையும் அதன் துளையில் உட்காரும் இறப்பர் வளையமான புஷ்ஷையும் மட்டும் சரியாக மாற்றினால் அந்தச் செலவில் ஒரு சிறு பங்கே போதும். வேலையும் நீண்ட காலம் நிற்கும்.

என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து மீளமைக்கப்பட்டு வந்த ஹொண்டா எக்ஸ்ஆர் 250. ஒரே வருடத்தில் அதன் பின் பிராக்கெட் இரண்டு தடவை முறிந்தது. முதல் தடவை ஒட்டியது அவிசாவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பாதையொன்றில் விட்டுப்போனது. இரண்டாவது தடவை சைலன்சரை முழுவதுமாகக் கழற்றியபோதுதான், எஞ்சின் தலைப்பகுதியில் குழாயைப் பிடித்திருக்க வேண்டிய நட்டுகளில் ஒன்று எப்போதோ கழன்று விழுந்திருப்பதைக் கண்டேன். அதுவரை முன்பக்கம் தாங்க வேண்டிய ஆட்டத்தையெல்லாம் பின் பிராக்கெட் தனியாகத் தாங்கியிருக்கிறது. ஆகவே உடைந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன், அதை உடைத்தது எது என்று பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுகள் சுழலும்போது, அதனோடு பிணைந்த குழாய் ஒரு நொடிக்கு 100 தடவை அதிர்கிறது. வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: ஒரு மீற்றர் நீளமுள்ள இரும்புக் குழாய் 300 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும், துருப்பிடிக்காத எஃகு என்றால் ஐந்து மில்லிமீற்றர் வரை போகும். எஞ்சின் பக்கத்தில் இறுகப் பூட்டிய குழாய் நீளும்போது பின்பக்கம் நகர இடம் வேண்டும். அந்த இடத்தைத் தருவதுதான் இறப்பர் புஷ். புஷ் காய்ந்து கல்லாகிவிட்டாலோ, யாராவது அதை எடுத்துவிட்டு வெறும் வொஷர்களை வைத்து இறுக்கியிருந்தாலோ, ஒவ்வொரு சூட்டிலும் ஒவ்வொரு குளிர்ச்சியிலும் பிராக்கெட்டின் தகடு வளைந்து நிமிர்கிறது. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்பதைப் போலத்தான் அது முறிகிறது.

பரிசோதனையை எஞ்சின் நன்றாக ஆறிய பின் தொடங்குங்கள். சைலன்சரையும் குழாயையும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, கம்பித் தூரிகையால் சேற்றையும் துருவையும் அகற்றுங்கள். எஞ்சின் தலையில் குழாய் சேரும் இடத்தைச் சுற்றிக் கரிய புகைத்தடம் இருந்தால் அங்கு புகை கசியாமல் அடைக்கும் வளையமான கஸ்கட் போய்விட்டது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. அடுத்து, முன்குழாயும் சைலன்சரும் சேரும் கிளாம்ப்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். பிறகு சைலன்சரைச் சட்டகத்தில் பிடிக்கும் போல்ட்டுகளை மட்டும் கழற்றி, சைலன்சரைத் தன் போக்கில் நிற்க விடுங்கள். பிராக்கெட்டின் துளையும் சட்டகத்தின் துளையும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் விலகி நின்றால், சைலன்சர் இத்தனை நாளும் வலிந்து இழுத்துப் பூட்டப்பட்டிருந்தது என்று பொருள். விழுந்ததில் குழாயோ பின்சட்டகமோ வளைந்திருக்கலாம். அதை நேராக்காமல் எவ்வளவு தடித்த பிராக்கெட் வைத்தாலும் பயன் இராது.

கொழும்பில் ஓடும் வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் அவசியம். முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளியிலிருந்து அரிக்கிறது; உள்ளிருந்து அரிப்பது நாமே உண்டாக்கும் தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. நெரிசலில் ஊர்ந்து, ஐந்து நிமிட ஓட்டத்தோடு நிறுத்தப்படும் வண்டியின் சைலன்சர் முழுமையாகச் சூடேறுவதில்லை. ஆவி உள்ளேயே நீராகித் தேங்கித் தகட்டைத் தின்கிறது. பிராக்கெட் ஒட்டப்பட்டிருக்கும் இடத்தைச் சுற்றித் திருப்புளியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலிக்குப் பதிலாக மந்தமான ஒலி வந்தாலோ, நுனியால் அழுத்தும்போது தகடு குழிந்தாலோ, அந்த இடத்தில் வெல்டிங் பிடிக்காது. அப்படியானால் மட்டும் வேறு சைலன்சர் தேடுவது நியாயம்.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. முதல்நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் துருநீக்கி எண்ணெய் விட்டு வையுங்கள். எஞ்சின் தலையில் இருக்கும் ஸ்டட்டுகள் (நட்டு ஏறும் தலையில்லாத புரிக்கம்பிகள்) அலுமினியத்துக்குள் பதிந்தவை. அவற்றில் ஒன்று முறிந்தால், துளையிட்டு எடுத்துப் புதிய புரி வெட்டும் செலவு இந்த முழு வேலையின் செலவையும் தாண்டிவிடும். நட்டு அசையாவிட்டால், முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கம் திருப்பி, பிறகு தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாகக் கொண்டுவாருங்கள். அதற்கும் அசையாதபோது, நட்டை மட்டும் சூடாக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோவதே சிக்கனம்.

இனி பொருள்கள். பழைய புஷ் எவ்வளவு கெட்டிருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். அளக்க வேண்டியவை நான்கு: பிராக்கெட் துளையின் விட்டம், பிராக்கெட் தகட்டின் தடிப்பு, புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழல் துண்டான கொலரின் வெளிவிட்டம், போல்ட்டின் தடிப்பு. ஜப்பானிய வண்டிக்குரிய அசல் புஷ்ஷைத் தேடி அலையத் தேவையில்லை. பஜாஜ், டிவிஎஸ், ஹீரோ போன்ற இந்திய வண்டிகளுக்கான சைலன்சர் புஷ்கள் பஞ்சிகாவத்தையிலும் ஆமர் வீதிப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளிலும் புதிதாகவே மலிவாகக் கிடைக்கும். நான்கு அளவுகளும் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாவித்த இறப்பரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டும் சைலன்சரின் சூட்டில் விரைவில் இறுகி வெடித்துவிடும்.

புஷ்ஷின் நடுவே செல்லும் இரும்புக் கொலர் மிக முக்கியமானது. ஆனால் அதிகம் தொலைந்து போவதும் அதுவே. போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்க வேண்டியது கொலர். கொலர் இல்லாமல் போல்ட்டை முடுக்கினால் இறப்பர் நசுங்கிப் பிதுங்கும்; நசுங்காத அளவுக்கு மெதுவாக முடுக்கினால் போல்ட் கழன்று விழும். கொலரின் நீளம், புஷ்ஷின் இயல்பான உயரத்தைவிட அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றர் வரை குறைவாக இருக்க வேண்டும். அப்போது இறப்பர் இலேசாக அழுந்தியதும் வொஷர் கொலரில் முட்டி நின்றுவிடும். 8 மி.மீ. போல்ட்டுக்கு உள்விட்டம் எட்டேகால் அல்லது எட்டரை மில்லிமீற்றர் இருந்தால் சரி. லேத் பட்டறையில் சில நிமிடங்களில் கடைந்து தரக்கூடிய பொருள் இது. இரண்டாகக் கடையச் சொல்லி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட், நட்டு, வொஷர்களைப் பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில் வாங்கலாம். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த போல்ட்டையே கேளுங்கள். உள்ளே நைலோன் வளையம் உள்ள லொக் நட்டுகளைத் தவிர்த்து, முழுவதும் உலோகத்தாலான லொக் நட்டுகளைப் பாவியுங்கள். நைலோன் இந்தச் சூட்டில் இளகிப் பிடியை விட்டுவிடும். உப்புக்காற்றுக்காகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை விரும்பினால், புரிகளில் செம்புப் பசை தடவாமல் பூட்ட வேண்டாம். அந்த உலோகத்தில் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். எஞ்சின் தலைக்கான கஸ்கட் வளையத்தையும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை நசுங்கிய வளையம் மறுபடி அடைக்காது. அதில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

வெல்டிங் செய்வதற்கு முன் சைலன்சர் எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். காந்தம் ஒட்டிச் செந்துருவும் இருந்தால் அது சாதாரண இரும்பு. அதற்கு, கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங் ஏற்றது. துருப்பிடிக்காத எஃகு என்றால், நிரப்புக் கம்பியைக் கையால் கொடுத்து ஒட்டும் டிக் வெல்டிங்கும் அதே வகை நிரப்புக் கம்பியும் வேண்டும். சில சைலன்சர்களில் அந்த எஃகிலும் காந்தம் ஒட்டும் என்பதால், துருவின் நிறத்தையும் சேர்த்துப் பாருங்கள். வெளிக்கூடு அலுமினியமாக இருந்தால் ஒட்ட முயலாமல், சைலன்சரைச் சுற்றிப் பிடிக்கும் தகட்டுப் பட்டி ஒன்றைச் செய்வித்து, அதற்குள் சூடு தாங்கும் இறப்பர் நாடா வைத்துப் பூட்டுவது மேல். சைலன்சரின் தகடு மெல்லியது; சாதாரணக் குச்சி வெல்டிங் அதை எளிதில் துளைத்துவிடும். எந்த முறையில் ஒட்டுவார்கள், என்ன விலை என்பதை வேலை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.

சைலன்சரை வண்டியில் வைத்தபடி ஒட்ட ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பெற்றோல் தாங்கி அருகில் இருப்பது ஒரு காரணம். வெல்டிங் மின்சாரம் எஞ்சினில் பெற்றோலைப் பற்றவைக்கும் மின்பெட்டியையும் தாங்கு உருளைகளையும் (பெயாரிங்) பழுதாக்கலாம் என்பது இன்னொரு காரணம். கழற்றினால் அளவு மாறிவிடும் என்று சொல்லப்படும் மறுப்புக்கு ஒரு வழி இருக்கிறது. புதிய பிராக்கெட்டைப் புஷ், கொலரோடு சட்டகத்தில் பூட்டி, சைலன்சரை முன்குழாயில் செருகித் தன்போக்கில் நிற்கவிட்டு, இரண்டும் தொடும் இடத்தில் கூரான ஆணியால் கோடு கீறிக்கொள்ளுங்கள். பிறகு கழற்றிக்கொண்டுபோய், கோட்டுக்குச் சரியாக இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் ஒட்டுவித்து, வண்டியில் வைத்துப் பார்த்து, பொருந்தினால் மட்டும் முழுவதும் ஒட்டச் சொல்லுங்கள். இரண்டு தடவை போய்வரும் இந்தச் சிரமத்தை நான் முதல் தடவை தவிர்த்தேன். இனி எப்போதும் தவிர்க்க மாட்டேன்.

பிராக்கெட்டின் வடிவத்தை முதலில் காகித அட்டையில் வெட்டிப் பார்த்து, அதன்படி 3 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டுங்கள். நாகம் (சிங்க்) பூசிய தகடு வேண்டாம். ஒட்டும்போது எழும் வெண்புகை வெல்டிங் செய்பவருக்குக் காய்ச்சலை உண்டாக்கும், வெல்டிங்கும் சரியாகப் பிடிக்காமல் விட்டுப்போகும். மூலைகளையெல்லாம் வளைவாக அராவுங்கள், ஏனெனில் வெடிப்பு எப்போதும் கூர்மூலையில்தான் தொடங்குகிறது. பிராக்கெட்டை நேரடியாகச் சைலன்சரின் மெல்லிய சுவரில் ஒட்டாமல், இடையில் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள, சைலன்சரின் வளைவுக்கேற்ப வளைத்த முட்டைவடிவத் தகடொன்றை வைத்து ஒட்டினால், பாரம் பரந்த இடத்தில் பகிரப்படும். இந்தச் சிறு தகடுதான் என் இரண்டாவது பழுதுபார்ப்பை நிற்க வைத்தது. சைலன்சரின் சுவரிலேயே வெடிப்பு ஓடியிருந்தால், அதன் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளையிட்டு, வெடிப்பை ஒட்டி நிரப்பிய பின் அதன்மேல் இந்தத் தகட்டை வையுங்கள். துளையிடாவிட்டால் வெடிப்பு ஒட்டுக்கு அப்பாலும் நீளும். ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காமல் தானாக ஆறவிட்டு, வெப்பம் தாங்கும் பெயின்ற் அடியுங்கள்.

பூட்டும்போது வரிசை முக்கியம். எல்லா நட்டுகளையும் போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருப்பி நிறுத்துங்கள். பிறகு எஞ்சின் தலையின் நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். அடுத்து நடுக் கிளாம்ப். கடைசியாகத்தான் பிராக்கெட் போல்ட்டுகள். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால், நாம் நீக்கிய இழுவிசையை நாமே மறுபடி உள்ளே வைத்துவிடுவோம். உங்கள் வண்டியின் கையேட்டில் முறுக்களவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் 6 மி.மீ. நட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீற்றர் வரை பொதுவாகப் பொருந்தும். பூட்டி முடிந்ததும் சைலன்சரைக் கையால் தள்ளிப் பாருங்கள்: புஷ் விட்டுக்கொடுக்கும் அளவு சிறிது அசைய வேண்டும்; டயரிலோ பக்கப் பிளாஸ்ரிக்கிலோ பிறேக் குழாயிலோ தொடக்கூடாது.

எஞ்சினை இயக்கியவுடன், சூடேறுமுன், மெல்லிய காகிதத் துண்டொன்றை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் பிடியுங்கள். காகிதம் படபடத்தால் அங்கே கசிவு இருக்கிறது. இந்தக் கசிவு சத்தத்தோடு நிற்பதில்லை. இணைப்பு வழியே வெளிக்காற்று உள்ளே கலந்தால், வருமான உத்தரவுப் பத்திரத்துக்கு முன் செய்யும் புகைப் பரிசோதனையின் அளவீடும் பிழையாக வரும்.

தோட்டப் பாதையின் நடுவே பிராக்கெட் முறிந்துவிட்டால் வீடு வந்துசேர, பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றும் இரண்டு மீற்றர் மெல்லிய இரும்புக் கம்பியும் போதும். இவற்றை ஆசனத்தின் கீழ் வைத்திருங்கள். பிளாஸ்ரிக் நாடாவும் கயிறும் சில நிமிடங்களில் உருகிவிடும். கம்பியைச் சட்டகத்தில் சுற்றும்போது பிறேக் குழாய்க்கும் மின்வயருக்கும் விலகிச் செல்லும்படி பார்த்து, மெதுவாக ஓட்டிவாருங்கள்.

புதிய கஸ்கட் முதல் சூட்டில் இன்னும் சிறிது அமுங்கும். ஆகவே முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் முற்றிலும் ஆறியபின் அதே வரிசையில் எல்லாவற்றையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். ஐம்பது கிலோமீற்றர் ஓடியபின் மறுபடியும் பாருங்கள். போல்ட் தலைக்கும் வொஷருக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டுவைத்தால், அதன்பின் வண்டி கழுவும் போதெல்லாம் ஸ்பனர் எடுக்காமலே, கோடு விலகியிருக்கிறதா என்று பார்வையாலேயே அறிந்துகொள்ளலாம்.