கல்யாணப் பத்திரிகையில் ஒரு நட்சத்திரம், நூல் கோனில் ஒரு மரம்

வீணாகும் பொருளில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்யச் சொல்லித்தரும் காணொளிகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. பழைய அட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அடுத்த நொடியே பசைத் துப்பாக்கி, தங்க ஸ்பிரே, ஜிகினாப் பொடி என்று ஒரு பட்டியல் வரும். அந்தக் காசுக்குக் கடையிலேயே நட்சத்திரம் வாங்கிவிடலாம். சேலத்துக்காரர்களுக்கு இவை எதுவும் வேண்டாம். நம் ஊரில் கிழங்கு மாவும் கழிவு நூலும் இருக்கின்றன.

முதலில் பசை

பாதி வேலை இதுதான். பசை சரியாக வந்துவிட்டால் மற்றதைக் குழந்தைகள்கூடச் செய்துவிடுவார்கள்.

ஜவ்வரிசிக்கு மூலமான குச்சிக்கிழங்கு (மரவள்ளிக்கிழங்கு) மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுங்கள். மாவு இல்லையென்றால் ஜவ்வரிசியை மிக்சியில் நைசாகப் பொடித்துச் சலித்துக்கொள்ளலாம். கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். வேறு பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, அடுப்பைக் குறைத்துவிட்டு, கரைசலை மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். பால் போல் வெளுத்திருந்த கலவை சட்டென்று கண்ணாடி போல் தெளிந்து கெட்டியாகும். அதுதான் பதம். இறக்கி ஆறவிடுங்கள்.

மாவை நேராக வெந்நீரில் கொட்டக்கூடாது. மேல்மாவு உடனே வெந்து உறைபோல் மூடிக்கொள்ளும். உள்ளே பச்சை மாவு அப்படியே தங்கி, கட்டி கட்டியாக நிற்கும். இதே மாவில்தான் நெசவுப் பாவுக்குக் கஞ்சி போடுவதும் உண்டு. நூலையே விறைக்க வைக்கிற சரக்கு, காகிதத்தை விடுமா? மறுநாள் புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள்.

நட்சத்திரம்

வைகாசியிலும் ஆவணியிலும் வந்து குவிந்த கல்யாணப் பத்திரிகைகள் எல்லா வீட்டிலும் இருக்கும். தடித்த அட்டையாக, மடிப்பில்லாமல் 16 செ.மீ. அகலம் கிடைக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையார் படம் அச்சிட்ட பக்கத்தைக் கத்தரிக்க மனம் வராது. அதை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

1. எழுத்துள்ள பக்கத்தில், ஒரே மையத்திலிருந்து 8 செ.மீ., 4 செ.மீ. ஆரத்தில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள்.

2. கோணமானியால் 36 பாகைக்கு ஒரு கோடு வீதம் மையத்திலிருந்து பத்துக் கோடுகள் இழுங்கள். ஒன்றுவிட்டு ஒரு கோடு பெரிய வட்டம் வரை போகட்டும். இடையில் உள்ளவை சிறிய வட்டத்தோடு நிற்கட்டும்.

3. கோடுகளின் முனைகளை வரிசையாக இணைத்தால் ஐந்து முனை நட்சத்திரம். வெளிக்கோட்டில் கத்தரியுங்கள்.

4. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அடிக்கோலை ஒட்டி அழுத்தி, பத்துக் கோடுகளின் மேலும் ஓட்டுங்கள். இதைத் தவிர்த்தால் மடிப்பு கோணலாகும்.

5. நீளக் கோடுகள் முன்பக்கம் மேடாகவும், குட்டைக் கோடுகள் பள்ளமாகவும் வரும்படி மாற்றி மாற்றி மடியுங்கள். நடுப்பகுதி தானாகவே எழும்பி நிற்கும்.

கதவில் மாட்ட ஒன்று போதும். தொங்கவிட வேண்டுமென்றால் இரண்டு செய்து, முதுகோடு முதுகாக வைத்து, விளிம்புகளில் பசை தடவிய மெல்லிய காகிதக் கீற்றுகளை ஒட்டிச் சேருங்கள். சிறிய வட்டம் பெரியதில் சரிபாதி என்பதால் விளிம்புகள் ஏறக்குறைய இடைவெளியின்றிப் பொருந்தும். தொங்கவிடும் நூலை, ஒட்டும்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.

மரம்

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை வட்டாரத்தில் தறி ஓட்டுகிற யாரையாவது தெரிந்தால், காலியான நூல் கோனும் (நூல் சுற்றி வரும் கூம்பு அட்டை) கழிவு நூலும் கேட்டு வாங்குங்கள். தெரியாதவர்கள் பழைய காலண்டர் தாளைப் பல அடுக்காகச் சுருட்டி ஒட்டினாலும் கூம்பு வரும்.

கோனின் அடியிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்குப் பசை தடவி, நூலை நெருக்கமாகச் சுற்றி, பிறகு அடுத்த இரண்டு விரல். மொத்தமாகத் தடவினால் மேலே போவதற்குள் காய்ந்துவிடும். பச்சை நூல்தான் வேண்டும் என்பதில்லை. மாம்பழ மஞ்சளும் அரக்கும் கலந்து சுற்றிய மரம் என் கண்ணுக்கு இன்னும் அழகு. அறுந்த கவரிங் கொலுசின் முத்துகளை அங்கங்கே கோத்துவிடுங்கள். வெள்ளிக் கொலுசாக இருந்தால் கை வைக்காதீர்கள். அது வெள்ளிப் பட்டறைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டைக்குப் போகட்டும்.

காய்வதும் காப்பதும்

சேலத்தில் மொட்டை மாடியில் ஒரு பகல் வெயில் போதும். ஏற்காட்டுக்காரர்கள் பாடு வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும், காகிதம் தொய்ந்துவிடும். பசையை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி, மெல்லியதாகத் தடவி, சமையலறைக்குள் அடுப்புக்கு எட்டாத தூரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அங்கே இவற்றை வாசலில் மாட்டுவது வீண், கூடத்துக்குள் மாட்டுங்கள்.

நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி வைக்கும் ஆசை வேண்டாம். அதிகம் சூடேறாத எல்.இ.டி. சரவிளக்கு மட்டும்.

விழா முடிந்ததும் மூடி இறுக்கமான பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். கிழங்குப் பசை கரப்பான்பூச்சிக்கு விருந்து. அட்டைப் பெட்டியில் வைத்தால் அடுத்த வருடத்துக்கு மிஞ்சாது.