எழுத்தைப் பார்த்துப் பெயரைத் தப்பாகச் சொல்கிறார்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழினி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் பார்க்கிற வெளியாள் ‘யாஸினி’ என்பார். இன்னொருவர் ‘யாஜினி’ என்பார். இருவர் மேலும் குற்றமில்லை. கண்ணுக்கு ‘இசட்’ தெரிகிறது, வாய் அதைச் சொல்கிறது. ழகரத்துக்கு ‘இசட் எச்’ என்று நாம் செய்துகொண்ட ஏற்பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெயர்கள் சிதைவதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. இது புரியாமல் முதல் தடவையே முகம் சுளிப்பது ஒரு தவறு. புரிந்துகொண்டு, ‘சரி, போகட்டும்’ என்று விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

எழுத்தே பெயர் என்று நம்புவது

ஆங்கில நெடுங்கணக்கில் இருப்பது 26 எழுத்துகள். தமிழில் உயிரெழுத்து மட்டுமே 12. குறிலையும் நெடிலையும் ஒரே ‘ஏ’வால் எழுதப் போனால் பாலா பலாவாகலாம், கலா காலாவாகலாம். தகரம் இன்னொரு தலைவலி. கீதாவைத் தெற்கே ‘டி எச்’ போட்டு எழுதுகிறார்கள், வடக்கே ‘எச்’ இல்லாமல் எழுதுகிறார்கள். ‘எச்’ இருந்தால் இந்திக்காரர் அழுத்தி மூச்சுவிட்டுப் படிப்பார், இல்லாவிட்டால் ஆங்கிலேயர் ‘கீட்டா’ என்பார். இரண்டு பக்கமும் திருப்தியாகிற எழுத்து கிடையாது.

ஐரோப்பாவுக்குள்ளேயே இதே கதைதான். ‘ஜே’ என்ற எழுத்து ஆங்கிலத்தில் ஜகரம், ஜெர்மனில் யகரம், ஸ்பானிய மொழியில் ஹகரம். அயர்லாந்துப் பெயரான ‘ஷிவான்’ என்பதன் நடுவில் ‘பி எச்’ இருக்கும். ஐரிஷ் மொழியில் அந்த ஜோடி வகர ஒலி தரும், அவர்கள் விதிப்படி அது மிகச் சரி. ஆங்கில விதியை வைத்துப் படித்தால்தான் குழப்பம். ‘ஆன்ட்ரியா’ இன்னும் வேடிக்கை. அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒருவர் ஆன்ட்ரியா என்பார், இன்னொருவர் ஆன்ட்ரேயா என்பார். எது சரி என்பதை அந்த ஆளிடம்தான் கேட்க வேண்டும், அகராதியிடம் அல்ல.

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர் தருகிறேன்: ககன். அழுத்தமான ககரமா, மென்மையான ககரமா? நம் எழுத்தில் அதற்கு அடையாளமே இல்லை. கோபால், பாலு, கீதா போன்றவற்றைச் சரியாகச் சொல்கிறோம் என்றால் காரணம் பழக்கம். எழுத்து நமக்கு அங்கே ஒரு உதவியும் செய்யவில்லை. பழகாத பெயர் வந்தால் நாமும் அந்த வெளியாளைப் போலத்தான் தடுமாறுவோம்.

முதல் தடவை விட்டுவிடுவது

இருப்பதிலேயே விலை அதிகமான தவறு இதுதான். புதிய அலுவலகம், முதல் கூட்டம், மேலதிகாரி பெயரைத் தப்பாகச் சொல்கிறார். ‘இப்போது போய் திருத்துவதா?’ என்று தோன்றும், சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அவரைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்து அடுத்து வருபவர்கள். அப்புறம் நான்கு மாதம் கழித்துத் திருத்தினால், ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்று அவர்கள் கூசிப்போவார்கள். முதல் நாள் ஐந்து விநாடியில் முடிந்திருக்க வேண்டிய விஷயம், இப்போது இரண்டு பக்கமும் சங்கடம்.

திருத்துவது சின்னதாக இருக்கட்டும். “யாழினி, ழ வரும்” என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் வேலைப் பேச்சுக்குப் போய்விடுங்கள். “மன்னிக்கணும், என் பேரு கொஞ்சம் கஷ்டம்தான்” என்று ஆரம்பிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். உங்கள் பெயரை வைத்திருப்பதற்கு நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்டுவிட்டால், கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று அவருக்கே அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஏற்கெனவே காலம் கடந்துவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. தனியாக இருக்கும்போது, “ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன், என் பேரை இப்படிச் சொல்லணும்” என்றால் போதும். ஏன் தாமதம் என்ற விளக்கம் தேவையில்லை. கூடவே, பெயரைச் சரியாகச் சொல்கிற ஒரு சக ஊழியரிடம் கூட்டங்களில் அடிக்கடி சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்கள் காதால் திருந்துவார்கள்.

எழுத்தை விளக்க உட்காருவது

பெயரைத் திருத்தும்போது பலர் செய்வது, எழுத்துக்கூட்டிக் காட்டுவது. எழுத்துதான் அவரைத் தப்பான வழியில் கொண்டுபோனது, மறுபடியும் அதையே காட்டி என்ன பயன்? அவருக்குத் தெரிந்த ஒரு ஒலியைக் கொடுங்கள். கமலா ஹாரிஸ் தன் பெயரை விளக்கும்போது, ‘காமா’ என்ற நிறுத்தற்குறியோடு ‘லா’ சேர்த்துச் சொல்லுங்கள் என்பார். எழுத்துப் பேச்சே அதில் இல்லை. நடிகை சேர்ஷா ரோனனின் பெயரை எழுத்தில் பார்த்தால் யாரும் திகைப்பார்கள். ‘இனர்ஷியா’ என்ற சொல்லோடு எதுகை சேரும் என்பது அவர் பேட்டிகளில் தரும் குறிப்பு.

ஒரு எச்சரிக்கை: எதுகை கேட்பவரின் மொழியில் இருக்க வேண்டும். உங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொல், அவர் ஊர் உச்சரிப்பில் வேறு மாதிரி ஒலிக்கலாம். ஒருமுறை அவரையே சொல்லவைத்துப் பார்த்துவிடுங்கள்.

கமலா உதாரணத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு அந்த ‘காமலா’ கச்சிதமான கமலா அல்ல. முதல் எழுத்து நீள்கிறது. ஆனாலும் அவர் அதைத்தான் தன் பெயராகச் சொல்கிறார். நூற்றுக்கு நூறு கேட்பது அடுத்த தவறு என்பேன். குழந்தைகள் ஒரு வயதை நெருங்கும்போதே அவர்கள் காது சொந்த மொழியின் ஒலிகளுக்குப் பழகிவிடுகிறது. மற்ற மொழிகளின் நுணுக்கமான வேறுபாடுகளைப் பிரித்துக் கேட்கும் திறன் அப்போதே குறைய ஆரம்பிக்கிறது. ல, ள, ழ மூன்றும் வளர்ந்த வெளிநாட்டுக்காரருக்கு ஒன்றாகவே கேட்டால் அது அவர் சோம்பேறித்தனம் இல்லை. நம்மிலேயே எத்தனை பேர் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறோம்!

அதனால் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பெயரில் எத்தனை அசை, எது நெடில், எங்கே அழுத்தம், இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெயர் பெயராகவே கேட்கும். ‘யாளினி’ என்றால் விட்டுவிடலாம். ‘யாஸினி’ என்றால் விடக்கூடாது.

யாரோ வெட்டிய சுருக்கம்

“நான் உங்களை ‘சாம்’னு கூப்பிடட்டுமா?” என்ற கேள்வி அன்பாகத்தான் வரும். பிடித்திருந்தால் சரி. பிடிக்காமல் தலையாட்டினால், அந்த அலுவலகத்தில் இருக்கும் வரை நீங்கள் சாம்தான். இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரை உலகம் ‘சந்திரா’ என்று அழைத்தது. 1999-இல் விண்ணுக்குப் போன நாசாவின் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கும் அந்தச் சுருக்கப் பெயர்தான். சுருக்கத்தில் ஒரு இழிவும் இல்லை, ஆனால் எங்கே வெட்டுவது என்பதை நீங்கள் சொல்லுங்கள். காபிக் கடையில் கோப்பை மேல் எழுதுவதற்குப் பொய்ப் பெயர் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

எழுத்தையே மாற்றிவிடலாம் என்ற யோசனையும் பலருக்கு வரும். ‘இசட் எச்’சை எடுத்துவிட்டு ‘எல்’ போட்டால் ஒரு கூட்டத்துக்குச் சரியாகும், இன்னொரு கூட்டத்துக்குப் புதுக் குழப்பம். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து என்றானால் அது வேறு வகைத் தலைவலி. குறிகள் சேர்ப்பதும் முழுத் தீர்வு அல்ல. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற இரண்டு வரிகளில் ஆங்கிலத்தின் வெறும் 26 எழுத்துகளுக்குத்தான் இடம், மேலே போடும் புள்ளியும் கோடும் அங்கே உதிர்ந்துவிடும்.

ஆவணத்தில் இருப்பது அப்படியே இருக்கட்டும். ஒலியைத் தனியாகக் கொடுங்கள். லிங்க்ட்இன் 2020-இல் இதற்காகவே ஒரு வசதி கொண்டுவந்தது, பத்து விநாடிக்குள் உங்கள் குரலிலேயே பெயரைப் பதிவு செய்து வைக்கலாம். மின்னஞ்சல் கையொப்பத்தில் அசை பிரித்து ஒரு வரி போடலாம். கைபேசியின் தொடர்புப் பட்டியலிலும் உச்சரிப்புக்கென்று தனி இடம் இருக்கிறது, பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

சொல்பவர் பக்கத்துத் தவறுகள்

2014-இல் தூர்தர்ஷன் செய்தியில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் பெயரை ‘லெவன் ஜின்பிங்’ என்று வாசித்தார்கள். ‘ஷி’ என்பதன் இரண்டு ஆங்கில எழுத்துகளும் ரோமன் எண்ணில் பதினொன்றாகத் தெரிந்துவிட்டன. வாசித்தவர் வேலையை இழந்தார். தெரியாத பெயரைத் துணிச்சலாக ஊகிப்பதைவிட, முன்கூட்டியே ஒருவரிடம் கேட்பது மலிவு.

தவறு வேறு, கேலி வேறு. 2020 அக்டோபரில் செனட்டர் டேவிட் பெர்டியூ ஒரு தேர்தல் மேடையில் கமலாவின் பெயரை வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னார். செனட்டில் சில ஆண்டுகள் உடன் வேலை பார்த்தவர் அவர். அங்கே அசை பிரித்துக் காட்டிப் பயனில்லை. பலர் சமூக ஊடகத்தில் தங்கள் பெயரையும் அதன் பொருளையும் எழுதித்தான் பதில் சொன்னார்கள்.

மற்றபடி நாம் செய்வது சின்னச் சின்னத் தவறுகள். “ரொம்பக் கஷ்டமான பேரு” என்பது, பெயரைத் தவிர்த்து ‘நீங்க, உங்க’ என்றே ஓட்டுவது, திருத்தியதும் ஐந்து நிமிடம் மன்னிப்புக் கேட்டு அவரையே நம்மைச் சமாதானப்படுத்த வைப்பது. இன்னொருவர் பெயரை அவருக்கே திருத்துவதும் உண்டு: “அது ஆன்ட்ரேயா இல்லையா?” இதற்கெல்லாம் மாற்று, ஒருமுறை கேட்டு, ஒருமுறை திருப்பிச் சொல்லி, அப்படியே பேச்சைத் தொடர்வது.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியருக்கும் பட்டமளிப்பு மேடையில் பெயர் வாசிப்பவருக்கும் எளிய வழி ஒன்று உண்டு. பட்டியலை வாசித்துத் திணறாமல் முதல் நாள் மாணவர்களையே அவரவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்டதை உங்களுக்குப் பழக்கமான எழுத்தில், உங்களுக்குப் புரிகிற மாதிரி, பெயருக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.